குச்சியில் ஏறிய எண்ணெய்

"அண்ணே, இந்த லோரி எண்ணெயே குடிக்கல. போன மாசம் பார்த்ததைவிட மேலதான் நிக்குது."

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்தில் எங்கள் லோரிகள் நிற்கும் இடத்தில், ஒருநாள் காலை ஆறரை மணிக்கு டிரைவர் தம்பி இப்படிச் சொன்னான். கையில் இன்ஜின் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சி. துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துக் காட்டினான். மேல் கோட்டையும் தாண்டி அரை விரல் அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய் பளபளத்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஜப்பானில் ஓடிப் புதுப்பித்து வந்த பழைய ரீகண்ட் இன்ஜின், இத்தனை வருடம் கழித்தும் ஒரு சொட்டு குறையாமல் நிற்கிறதே என்று பெருமை வேறு. "நல்ல இன்ஜின்டா, பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மாமாக் கடைக்குக் கோப்பி குடிக்கப் போய்விட்டேன்.

ஆறு வாரம் கழித்து அதே இன்ஜின், ஈப்போவுக்கு முன்னால் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் நின்றுபோனது. இழுத்து வந்த கூலியையும் சேர்த்து எனக்கு 38,000 வெள்ளி (ரிங்கிட்) செலவு. அந்தப் பணம் போன வழியைத்தான் எழுதப் போகிறேன். லோரி வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், அடுத்தவர் லோரியை ஓட்டுபவர்கள் யாருக்காவது உதவினால் சரி.

என்னிடம் கண்டெய்னர் இழுக்கும் லோரிகள், பிரைம் மூவர்கள், ஐந்து இருக்கின்றன. மூன்று உள்ளூர் வேலைக்கு: பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்தில் பெட்டியை ஏற்றி, புக்கிட் மின்யாக், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பும். மற்ற இரண்டும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கிள்ளான் துறைமுகம் வரை போய்வரும். அப்பா லோரி ஓட்டிய காலத்தில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவார்கள், அது வேதவாக்கு. நான் தொழிலுக்கு வந்தபோது எண்ணெயும் மாறியிருந்தது, இன்ஜினும் மாறியிருந்தது. நெடுந்தூர லோரியின் கையேட்டில் 20,000 என்று போட்டிருந்தது. ரீகண்ட் லோரிகளுக்குக் கையேடே கிடையாது. சரி, ஐந்துக்கும் ஒரே கணக்கு, 20,000. மீட்டரைப் பார்த்தோமா, எண்ணெயை மாற்றினோமா, வேலை முடிந்தது. நான் செய்த முதல் தவறு இது. மற்றதெல்லாம் இதன் பின்னால் வந்தவை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு இன்ஜின் போக வேண்டியிருந்தது. நீங்கள் சும்மாவே போட்டுப் பார்க்கலாம். கிள்ளான் போகும் லோரி சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 கிலோமீட்டர் ஓட 333 மணி நேரம் ஆகும். உள்ளூர் லோரி ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர்தான் ஓடும். ஆனால் இன்ஜின் காலை ஏழிலிருந்து மாலை வரை ஒன்பது மணி நேரம் அணைவதில்லை. துறைமுக வாசலில் வரிசை, தொழிற்சாலை வாசலில் வரிசை, பாலத்தில் நெரிசல், நடுவில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம். மாதம் 26 நாள், 2,600 கிலோமீட்டர், 234 மணி நேரம். 20,000 கிலோமீட்டர் வருவதற்கு ஏழரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்ஜின் 1,800 மணி நேரம் ஓடியிருக்கும்.

அங்கே 333, இங்கே 1,800. இரண்டுக்கும் மீட்டர் காட்டுவது ஒரே 20,000.

டீசலை வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் இவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. பாரம் ஏற்றிய நெடுந்தூர லோரி லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் கொடுத்தால் 20,000-க்கு 8,000 லிட்டர். உள்ளூர் லோரி நின்று நின்று ஓடுவதால் நாளைக்கு 55 லிட்டர் குடிக்கும். ஏழரை மாதத்தில் 11,000 லிட்டரைத் தொட்டுவிடும். அதாவது ஒன்றரை மடங்குகூட இல்லை. சும்மா நிற்கும் இன்ஜின் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் எரிக்கும், அதனால் மணிக்கணக்கு மட்டும் பார்த்தால் கொஞ்சம் மிகை. ஆனால் அந்த இரண்டு மூன்று லிட்டரும் ஒழுங்காக எரிவதில்லை. சிலிண்டர் போதுமான சூட்டில் இல்லாததால் எரியாத டீசல் சிலிண்டரின் உட்சுவரான லைனரில் வழிந்து, கீழே எண்ணெய் தேங்கும் சம்புக்குப் போகிறது, கரியும் கூடுகிறது. அதனால் லிட்டர் கணக்கை மட்டும் நம்பினால் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கிலோமீட்டரில் மட்டும் அது இல்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

கிள்ளான் போகும் லோரி ஒன்று புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும், தள்ளிப்போட முடியாது. கிள்ளானில் கப்பல் ஏற வேண்டிய நேரம் நெருங்கிய ஒரு பெட்டி இங்கே காத்திருந்தது. "நம்ம நல்ல இன்ஜின் இருக்கே, அதை அனுப்பு" என்றேன். எண்ணெய் குடிக்காத அந்த லோரியைத்தான். அது எண்ணெய் மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. மீட்டரில் இன்னும் 5,000 கிலோமீட்டர் பாக்கி.

தைப்பிங் வரை ஒன்றும் இல்லை. சுங்கை பேராக் ஓய்விடத்தில் தம்பி தே குடிக்க நிறுத்தினான். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தபோது ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்தது, காலை எடுத்தால் கண்சிமிட்டியது. வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். அப்போது நான் வங்கியில் இருந்தேன். பார்த்துவிட்டு, "சென்சர் பழசுடா, போ" என்றேன்.

அவன் போனான். பாரம் 20 டன்னுக்கு மேல். சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில், கியரைக் குறைத்து முழு மிதியில் ஏறும்போது கீழிருந்து டக்டக்கென்று ஒரு சத்தம். முதலில் டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறான். இருபது எண்ணுவதற்குள் சத்தம் சுத்தியலால் அடிப்பதுபோல் ஆகிவிட்டது. நல்லவேளை, அவனுக்குப் புத்தி இருந்தது. அவசரத் தடத்தில் ஒதுக்கி உடனே அணைத்துவிட்டான். இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கன்ரோட், இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும், மொத்த இன்ஜினும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

லோரியைப் பிறைக்கு இழுத்து வந்து, நாங்கள் வழக்கமாகப் போகும் சீனர் பட்டறையில் விட்டோம். அந்த அங்கிள் ஒன்றையும் கழற்றவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவினார், மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தார், பிரித்தார். நல்ல எண்ணெய் என்றால் விரல்களுக்கு நடுவே நூல் மாதிரி ஒரு கணம் இழுபடும். இது தண்ணீர் போல விட்டது. "மிஞாக் சுடா ச்சாயிர் லா, பாஸ்" என்றார். எண்ணெய் நீர்த்துப்போச்சு. பிறகு குச்சியை என் மூக்குக்கு நீட்டினார். டீசல் வாசம். பெட்ரோல் நிலையத்தில் நிற்பது போல இருந்தது.

குறையாத எண்ணெய்க்கு விளக்கம் அதுதான். இன்ஜின் எண்ணெயைக் குடிக்கத்தான் செய்திருக்கிறது. குடித்ததைவிட அதிகமாக டீசல் சம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் குச்சியில் அளவு ஏறியது. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்தபோது மூலம் தெரிந்தது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய் அந்த இன்ஜினில் கவருக்கு உள்ளேயே ஓடுகிறது. இரண்டு இடத்தில் வாஷர் உட்கார்ந்துபோய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒழுகியிருந்தால் தரையில் கறை தெரிந்திருக்கும், யாராவது பார்த்திருப்போம். உள்ளே ஒழுகினால் குச்சிதான் சொல்லும். குச்சி சொல்லியது, தம்பியும் வந்து சொன்னான். கேட்க வேண்டியவன்தான் கோப்பி குடிக்கப் போய்விட்டான்.

சம்பைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். கன்ரோட் பேரிங்குகளை அங்கிள் வரிசையாகத் துணியில் வைத்தார். அவை அரைவட்டத் தகடுகள். நல்ல பேரிங்கின் உட்புறம் மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருக்கும். எங்களுடையதில் அந்த மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது, புதுக் காசு மாதிரி. நான்காவது சிலிண்டருடையது கிராங்கோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றிக் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் பில்டரை வாளால் அறுத்து மடிப்பைப் பிரித்துக் காட்டினார். வெயிலில் காகிதம் முழுக்க மினுமினுப்பு. தீபாவளிக்குக் குழந்தைகள் கையில் பூசிக்கொள்ளும் ஜிகினா போல.

ஏன் உள்ளூரில் ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை என்று அங்கிளிடம் கேட்டேன். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது, அதன் மேல்தான் எல்லாம் மிதக்கிறது. பட்டர்வொர்த்தின் சமதரையில், பாதி மிதியில், நீர்த்த எண்ணெயும் எப்படியோ தாங்கியிருக்கிறது. மேட்டில் முழு மிதி, எண்ணெயில் சூடு, சிலிண்டருக்குள் அழுத்தம், மூன்றும் ஒரே நேரத்தில் வந்தபோது படலம் கிழிந்துவிட்டது. ஓய்விடத்தில் எரிந்த விளக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. சூடான இன்ஜின் சும்மா ஓடும்போது பிரஷர் விளக்கு சிமிட்டினால், சென்சரைச் சந்தேகப்படுவதற்கு முன் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். சென்சரைச் சந்தேகப்படுவது என்னைப் போன்ற ஆட்களுக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

தம்பி மூன்று நாள் என் கண்ணைப் பார்க்கவில்லை. தன் சம்பளத்தில் பிடிப்பேன் என்று பயந்திருக்கிறான். நான்தான் கூப்பிட்டு, "நீ சொன்னதை நான் கேக்கல, உன் மேல ஒண்ணும் இல்ல" என்றேன். முதலாளிகளில் பலர் இந்த இடத்தில் டிரைவர் தலையில் கட்டிவிடுவார்கள். கட்டினால் அடுத்தமுறை எந்த டிரைவரும் குச்சியைப் பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டான்.

அதற்குப் பிறகு செய்த முதல் வேலை, ஐந்து லோரிக்கும் மணி மீட்டர் மாட்டியது. அறுபது வெள்ளிச் சாமான். சாவியைப் போட்டாலே ஓடும்படி மாட்டிவிடாதீர்கள். டிரைவர் பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமும் அதில் ஏறிவிடும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் அல்லது ஆல்டர்நேட்டர் வழியாகக் கொடுத்தால் இன்ஜின் ஓடும் நேரம் மட்டும் பதிவாகும். புது லோரிகளில் கம்ப்யூட்டரிலேயே மணியும் லிட்டரும் இருக்கும், டாஷ்போர்டு மெனுவில் தேடினால் கிடைக்கும்.

லிட்டர் கணக்கு இப்போது சுலபமாகிவிட்டது. 2024 ஜூன் மாதம் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியது நினைவிருக்கும். சரக்கு லோரிகளுக்கு 2.15-க்குக் கொடுக்க ஃப்ளீட் கார்டு போட்டார்கள். எல்லோரும் அதை மானியக் கார்டாகத்தான் பார்க்கிறோம். லோரிக்கு ஒரு கார்டு என்பதால், மாதக் கடைசியில் எந்த லோரி எத்தனை லிட்டர் குடித்தது என்ற கணக்கு தானாக வந்துவிடுகிறது. நான் அதை அச்செடுத்து எண்ணெய் மாற்றும் நோட்டில் ஒட்டி வைக்கிறேன்.

இப்போது என் வழக்கம் இது. கிள்ளான் போகும் பழைய இரண்டுக்கும் கையேட்டில் உள்ளதற்குக் கொஞ்சம் குறைவாக, 18,000 கிலோமீட்டர். உள்ளூர் லோரிகளுக்கு 500 மணி நேரம். சராசரியாக இரண்டு மாதம், ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கடைசியில் அப்பாவின் 5,000-க்கே வந்து சேர்ந்திருக்கிறேன். காரணம்தான் வேறு. 500 என்பது என் லோரிக்கு, என் வேலைக்கு, என் எண்ணெய்க்கு வந்த எண். கல் குவாரியில் ஓடும் டிப்பருக்கு இது அதிகமாக இருக்கலாம்.

ஒருமுறை மாற்ற 18 லிட்டர் வாளி இரண்டு, பில்டர்கள், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 700 வெள்ளி அளவில் ஆகிறது. வருடத்துக்கு ஆறு முறை, ஒரு லோரிக்கு 4,200. என் மனைவிதான் கணக்கு எழுதுகிறார். "முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துவீங்க, இப்ப என்ன எண்ணெயிலயே குளிக்கிறீங்களா" என்று கேட்டார். 38,000-ஐ 4,200-ஆல் வகுத்துக் காட்டினேன். ஒன்பது வருட எண்ணெய். அதன் பிறகு கேட்கவில்லை.

இரண்டாவது, எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைச் செய்யும் சோதனைக்கூடங்கள் உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. சின்ன பாட்டில்தான். எடுக்கும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே டிரெயின் நட்டைத் திறந்து, முதலில் வரும் எண்ணெயை விட்டுவிட்டு, பாதி வடியும்போது பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் அடியில் தங்கிய கசடு இருக்கும், கணக்கு தப்பாகிவிடும்.

அறிக்கை வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, இரத்தப் பரிசோதனைத் தாள் மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. எண்ணெயில் கலந்திருக்கும் இரும்பு கூடினால் லைனர் பக்கம் தேய்கிறது. ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். சிலிக்கானும் அலுமினியமும் ஒன்றாக ஏறினால் தூசி உள்ளே போகிறது, ஏர் பில்டரையும் குழாய்களையும் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. நான் முதலில் பார்ப்பது 100 டிகிரி சூட்டில் பாகுநிலை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, எவ்வளவு என்பதைத்தான். 15டபிள்யூ-40 எண்ணெய் என்றால் அது 12.5-க்கும் 16.3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த 40 என்ற எண்ணுக்கு அர்த்தமே அதுதான்.

முதல் அனுப்பலிலேயே காசு திரும்பி வந்தது. உள்ளூர் லோரிகளில் இன்னொன்றுக்கு 11.2 என்று வந்தது, டீசல் கலப்பும் காட்டியது. குச்சியில் அளவு சரியாகத்தான் இருந்தது. குடித்ததும் கலந்ததும் சமமாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. ராக்கர் கவரைத் திறந்தோம். அதே குழாய், அதே வாஷர். சில வெள்ளி மதிப்புள்ள வாஷர்களை மாற்றி எண்ணெயையும் மாற்றினோம். அந்த இன்ஜின் இன்றும் ஓடுகிறது.

எல்லா எச்சரிக்கைக்கும் பயப்படவும் தேவையில்லை. நெடுந்தூர லோரி ஒன்றுக்குச் செம்பு திடீரென்று எகிறியது. நான் தூங்கவில்லை. அங்கிள் ஒரே கேள்விதான் கேட்டார்: "போன மாசம் ஆயில் கூலர் புதுசு போட்டோமே?" புதுக் கூலரின் செம்பு கொஞ்ச காலத்துக்கு எண்ணெயில் கரைந்து வரும், பிறகு அடங்கிவிடும். ஈயம் ஏறவில்லை என்பதைக் காட்டினார். அடுத்தடுத்த மாதிரிகளில் செம்பு இறங்கிவிட்டது. ஒரு அறிக்கையை மட்டும் பார்த்துப் பயன் இல்லை, அதே லோரியின் மூன்று நான்கு தாளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கதை தெரியும்.

சோதனைக்கூடம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏழை வழி ஒன்று இருக்கிறது. கோப்பி வடிகட்டும் காகிதத்தில் சூடான எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். கறுப்பு நடுவிலிருந்து வெளியே மெல்ல மெல்லச் சாம்பலாகப் பரவியிருந்தால், கரியைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி எண்ணெயில் இன்னும் இருக்கிறது. கரி நடுவிலேயே குவிந்து, விளிம்பு கோடு போட்டது போல நின்றால் முடிந்தது. வெளி ஓரத்தில் மங்கலாகத் தனி வளையம் தெரிந்தால் டீசலைச் சந்தேகப்படலாம். தண்ணீருக்கு, சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் சடசடவென்று வெடிக்கும். வீட்டுத் தோசைக்கல்லைக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எண்ணெய் கறுத்துவிட்டது என்று பயந்து மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். டீசல் இன்ஜினில் புது எண்ணெய் ஊற்றிய ஒரே நாளில் கறுத்துவிடும். அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். நம் ஊரில் இன்ஜின் எண்ணெய்க்கே மிஞாக் ஹித்தாம், கறுப்பு எண்ணெய், என்றுதானே பெயர்.

எந்த எண்ணெய் என்பதிலும் குழப்பம் நிறைய. டப்பாவில் ஏபிஐ என்ற அமெரிக்கத் தர முத்திரை போட்டு சிஎஃப்-4, சிஹெச்-4, சிஐ-4, சிகே-4 என்று எழுதியிருக்கும். சிஐ-4 2002-இல் வந்தது, சிகே-4 2016-இல். என் ரீகண்ட் இன்ஜின்களுக்கு சிஐ-4 போதும் என்று அங்கிள் சொன்னார், மாதிரி அறிக்கைகளும் அதையே சொல்கின்றன. புகைபோக்கியில் கரி வடிகட்டி உள்ள லோரிக்கு அது ஆகாது. சாம்பல் குறைந்த சிகே-4 அல்லது அந்தக் கம்பெனி சொல்லும் எண்ணெய்தான் வேண்டும், இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கிறது என்று சிஎஃப்-4 வாங்கிவிட்டு சிஐ-4 இடைவெளியில் மாற்றும் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாளிக்கு மிச்சம் பிடிப்பது நாற்பது ஐம்பது வெள்ளி.

டீசலும் மாறியிருக்கிறது. அப்பா காலத்து டீசலில் கந்தகம் அதிகம். அது எரிந்து அமிலமாகி எண்ணெயின் காரத்தைத் தின்றுவிடும், அதனால்தான் அடிக்கடி மாற்றினார்கள். 2021-இல் யூரோ 5 டீசல் வந்த பிறகு கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் (10 பிபிஎம்), அந்தப் பயம் பெரிதாக இல்லை. ஆனால் 2019 முதல் பி10 என்று பத்து சதவீதம் செம்பனை (பாமாயில்) டீசல் கலந்து வருகிறது. வெறும் டீசல் சம்புக்குள் கொஞ்சம் இறங்கினாலும் நெடுந்தூரச் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும். செம்பனை டீசல் ஆவியாக இன்னும் அதிகச் சூடு வேண்டும், இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். தண்ணீரையும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் டீசல் பில்டரையும் தண்ணீர் பிரிக்கும் பில்டரையும் எண்ணெயோடு சேர்த்தே மாற்றுகிறேன். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்து வடிக்கச் சொல்லியிருக்கிறேன். மழை மாதங்களில் அதில் ஒரு மூடி தண்ணீராவது வரும்.

பில்டர் மாற்றும்போது நடக்கும் ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையைச் சீக்கிரம் முடிக்க, ஒருமுறை எங்கள் ஆளே லோரி நிற்குமிடத்தில் எண்ணெய் மாற்றினான். பழைய பில்டரின் ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. அதன் மேலேயே புது பில்டரை முறுக்கிவிட்டான். இரண்டு ரப்பர், ஒன்றின் மேல் ஒன்று. ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஒழுகவில்லை. ஜூரு சாலைக்கட்டணச் சாவடியைத் தாண்டுவதற்குள் ரப்பர் பிதுங்கி எண்ணெய் முழுக்க நெடுஞ்சாலையில். விளக்கைப் பார்த்ததும் அந்த டிரைவர் அணைத்துவிட்டதால் இன்ஜின் பிழைத்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அணைத்துவிட்டுத்தான் கூப்பிட்டான். இப்போது பழைய பில்டரைக் கழற்றியதும் ரப்பரை உருவி கையில் காட்ட வேண்டும், அப்புறம்தான் புதிதைத் தொடலாம். டிரெயின் நட்டுக்குச் செம்பு வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. நட்டின் நுனியில் காந்தம் இருந்தால் துடைப்பதற்கு முன் பாருங்கள். கறுப்புப் பசை மாதிரி இருந்தால் வழக்கமானது, விரலில் குத்தும் துண்டு இருந்தால் லோரியை எடுக்காதீர்கள்.

வடித்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்பக்கக் கால்வாயில் ஊற்றுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பழைய எண்ணெய் 2005 விதிகளின்படி எஸ்டபிள்யூ 305 என்ற வகைக் கழிவு, எண்ணெய் ஊறிய பில்டரும் துணியும் எஸ்டபிள்யூ 410. ஒதுக்கின இடத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டிய டிரம்மில் வைக்க வேண்டும், 180 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள ஆள்தான் எடுத்துப்போக வேண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த எண்ணெயை அவர்கள் காசு கொடுத்தே எடுத்துப் போகிறார்கள். கால்வாயில் ஊற்றுபவன் என்ன கணக்கில் ஊற்றுகிறான் என்று எனக்குப் புரியவே இல்லை.

இவ்வளவு செய்தும் சரிசெய்ய முடியாமல் இருப்பது, சும்மா ஓடும் நேரம்தான். துறைமுக வரிசையில் ஒரு மரம் கிடையாது. மதிய வெயிலில் இன்ஜினை அணை என்று சொல்லிவிட்டு நான் அலுவலகத்தில் ஏர்கானில் உட்கார்ந்திருப்பது எந்த ஊர் நியாயம்? பேட்டரி விசிறி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள், மூன்றாவது ஆள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். காலை பதினொரு மணிக்குள் உள்ள வரிசைகளில் அணைக்கிறார்கள், அதற்குப் பிறகு இல்லை. மணி மீட்டரில் மாதம் இருபது மணி நேரம் போலக் குறைந்திருக்கிறது. மிச்சத்துக்கு எண்ணெய்தான் விலை.

போன வருடம் புது லோரி ஒன்று வாங்கினேன், புகையைச் சுத்தப்படுத்த யூரியா ஊற்றும் ரகம், கரி வடிகட்டியோடு. பழைய ரீகண்ட் ஒன்றை விற்றுவிட்டுக் கிள்ளான் ஓட்டத்துக்கு இதைப் போட்டேன். ஐரோப்பாவில் இந்த மாதிரி இன்ஜின்களுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைகூட எண்ணெயை விடுகிறார்கள். இங்கே விற்பனைக்காரர் 40,000 என்றார், எண்ணெய் ரகமும் பாரமும் பார்த்துத்தான் என்று கையேடு சொல்கிறது. வாரண்டி இருக்கும்வரை அவர்கள் சொல்லும் இடைவெளியில், அவர்கள் இடத்தில்தான் மாற்றுகிறேன். ஆனால் நடுவில் 20,000 ஆனதும் குச்சிக் குழாய் வழியாக ஒரு பாட்டில் உறிஞ்சி எடுத்தோம். தம்பிதான் எடுத்தான், இந்த லோரி இப்போது அவனுடையது. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் கிலோமீட்டர், மணி, லிட்டர், குச்சியில் அளவு எவ்வளவு என்று நான்கையும் அவனே எழுதியிருந்தான். திங்கட்கிழமை கூரியரில் போனது. அறிக்கை வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.